பாதுகாப்பு பெல்ற் போடாமல் விழுந்தால் நட்டஈடு கிடையாதா?

சுன்னாகத்தில் இருந்து ஒரு அக்கா எழுதிய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய தம்பிக்கு 26 வயது. கூரையில் சோலர் பூட்டும் ஒருவரிடம் ஒன்றரை வருடமாக நாட்கூலிக்குப் போகிறார். ஐந்து கிழமைக்கு முன்னர் கோப்பாயில் ஒரு வீட்டில், அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட பின்கூரையில் பனலைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது சீற் உடைந்து கீழே சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டார். குதிக்கால் எலும்பும் மணிக்கட்டும் உடைந்தன. இனி உயரத்தில் ஏறி வேலை செய்வது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வேலைக்குக் கூட்டிப்போனவர் தூரத்துச் சொந்தம், மச்சான் முறை. அவர் 75,000 ரூபாயும் ஒரு கடிதமும் கொண்டுவந்து, 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்கிறார். 'அவன் பெல்ற் போடவில்லை, பிழை அவனில்தான். அதோடு அவன் எங்கட ஸ்ராஃப் இல்லை, நாட்கூலி' என்கிறாராம். கனடாவில் இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்கலாமா என்பது அக்காவின் கடைசிக் கேள்வி.

முதலில் மச்சான் கொண்டுவந்த கடிதம். கையெழுத்து வைக்க வேண்டாம். மச்சான் முறை என்பதால் முகத்தை முறிக்க மனம் வராது, தெரியும், ஊருக்குள் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். ஆனாலும் வேண்டாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக வேலையாள் எழுதிக்கொடுத்தால் அந்த எழுத்து செல்லாது, நட்டஈடு பற்றி இரு பக்கமும் இணங்கினால் அந்த இணக்கம், இந்தச் சட்டத்தை நடத்தும் அரச அதிகாரியான நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். 'செல்லாதுதானே, வைத்தால் என்ன' என்று கேட்பீர்கள். வைத்த பிறகு செல்லாது என்று நிரூபிக்க அலைகிறவர் நீங்கள்தான், அவர் இல்லை. காசு அவசரம் என்றால் வாங்குங்கள், ஆனால் பற்றுச்சீட்டில் 'நட்டஈட்டில் ஒரு பகுதியாக' என்று எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காசு எதற்காக வந்தது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

'நாட்கூலி, ஸ்ராஃப் இல்லை' என்ற கதையை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். மேசனிடமும் கேட்கிறேன், வெல்டிங் கடைக்காரரிடமும் கேட்கிறேன். சட்டம் வெளியே விடுவது தற்செயலாக, அதுவும் முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குக் கூப்பிட்ட ஆளை. வீட்டு முற்றத்தில் விழுந்த பனை மட்டையை அகற்ற ஒருநாள் கூப்பிட்டவரைப் போல. சோலர் பூட்டுவதே தொழிலாக வைத்திருப்பவர் சோலர் பூட்டக் கூட்டிப்போன பெடியன் நாட்கூலியாக இருந்தாலும் வேலையாள்தான். நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை என்பதெல்லாம் அவருடைய பிழை, தம்பியின் பிழை அல்ல. (சேமலாப நிதிக்கு 12 வீதம் முதலாளியும் 8 வீதம் தொழிலாளியும் கட்ட வேண்டும், நாட்கூலிக்கும் இது பொருந்தும். ஒன்றரை வருடக் கணக்கை அவரிடம் தனியாகக் கேட்கலாம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இனி பெல்ற். இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

வேலையாள் குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புச் சாதனம் தரப்பட்டிருக்கிறது என்று தெரிந்தும் வேண்டுமென்றே அதை ஒதுக்கினாலோ, அதனால் வந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பிலிருந்து தப்பலாம். மச்சான் பிடிப்பது இந்த வழியைத்தான். ஆனால் 'வேண்டுமென்றே' என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. கவனமில்லாமல் இருந்ததும் வேண்டுமென்றே மீறியதும் ஒன்றல்ல. யார், எப்போது, என்ன சொல்லிக் கட்டளை கொடுத்தார், அதை இவர் எப்படி மறுத்தார் என்று அவர்தான் காட்ட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதை எடுத்துப் பாருங்கள். வான் சீற்றில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மஞ்சள் பட்டி, பையின் வாய் பிளாஸ்ரிக் முடிச்சால் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. விழுந்த அன்றைக்கு எடுத்த படம் என்கிறீர்கள். அந்த முடிச்சு அவிழவில்லை என்றால் அந்த பெல்ற் ஒரு நாளும் யாருடைய இடுப்பிலும் ஏறவில்லை என்றுதான் நான் வாதாடுவேன். ஏறியிருந்தாலும் எதில் கொளுவுவது? கூரையில் கயிறும் இல்லை, கொளுக்கியும் இல்லை, நடக்கப் பலகையும் போடவில்லை. வெயிலில் கிடந்து பழுத்த அஸ்பெஸ்ரஸ் சீற்றில், அதைத் தாங்கும் குறுக்குச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துத்தான் கால் வைப்பார்கள், இல்லாவிட்டால் ஏணியைப் படுக்கப்போட்டு அதன்மேல் நடப்பார்கள். இருபது கிலோவுக்கு மேல் கனக்கும், ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும் பனலைக் கையில் வைத்துக்கொண்டு கால் எங்கே போகிறது என்று யாரால் பார்க்க முடியும்? அதுவும் சோளகக் காற்று அடிக்கும் காலத்தில், பனல் பாய்மரம் மாதிரி இழுக்கும். கொளுவ இடமில்லாத பெல்ற்றைப் பாதுகாப்புச் சாதனம் என்று சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒன்று: விழ முன்னர் கையில் ஷொக் அடித்தது மாதிரி இருந்தது என்று தம்பி சொன்னார், மச்சானோ 'மெயின் ஓஃப் பண்ணித்தான் வேலை செய்தோம், ஷொக் அடிக்க வழியே இல்லை' என்கிறார். மெயினை ஓஃப் பண்ணினாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் பனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அது சூரியன் தருகிற டிசி (நேரோட்ட மின்சாரம்), மின்சார சபை தருவதல்ல. பல பனல்களைத் தொடராக இணைத்தால் பல நூறு வோல்ற் வரும். ஆகவே மச்சான் சொல்வது தொழில் ரீதியாகவே பிழை. ஆனால் ஆணையாளரிடம் போடும் நட்டஈட்டு விண்ணப்பத்தில் இந்தச் சண்டைக்குள் இறங்காதீர்கள். ஷொக்கா, சீற்றா, வழுக்கியதா என்பது அங்கே பெரிய விடயமல்ல. வேலையின்போது, வேலையால் ஏற்பட்ட விபத்து என்றால் போதும், முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. இந்தச் சட்டத்தின் அருமை இதுதான்.

பிழையை நிரூபிக்க வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். அங்கே நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், தொகை கூடவும் கிடைக்கலாம், ஆனால் வருடக்கணக்காக இழுபடும். தம்பியும் கவனமில்லாமல் இருந்தார் என்று நீதிமன்றம் கண்டால் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த அளவுக்குத் தொகை குறையும். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் அந்த வழக்கைப் போட்டுவிட வேண்டும், பிந்தினால் காலாவதி. இரண்டு இடத்திலும் ஒரே காயத்துக்குக் கேட்க முடியாது, ஒன்றைத் தெரிய வேண்டும். உங்கள் நிலைமையில் நான் ஆணையாளரிடம் போவதையே சொல்வேன். 2022இல் சட்டத்தைத் திருத்தி உச்சத் தொகையை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக்கினார்கள். தம்பிக்கு அவ்வளவும் வரும் என்று சொல்லவில்லை. உழைக்கும் திறன் எத்தனை வீதம் போனது என்று வைத்திய அறிக்கை சொல்வதையும் அவருடைய சம்பளத்தையும் வைத்துத்தான் கணக்கு. ஆனால் 75,000 என்பது எந்தக் கணக்கில் வந்தது என்று மச்சானைக் கேட்டுப் பாருங்கள்.

சம்பளம் என்று சொன்னேன், அதை எப்படிக் காட்டுவது? தம்பியின் போனில்தான் எல்லாம் இருக்கிறது. 'நாளை 6.30க்கு சந்தியில் நில்லடா' என்ற வட்ஸ்அப் குரல் பதிவு, வங்கிக்குப் போட்ட காசு, வேலைத்தளப் படங்கள். போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள், வேறொன்றிலும் பிரதி எடுத்து வையுங்கள். அடுத்தது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதித்த அன்று கொடுத்த தகவல். இங்கே நான் பயப்படுகிறேன் பிள்ளை, ஏனென்றால் நம்மாட்கள் பொலிஸ் வரும் என்று பயந்து 'வீட்டில் மரத்தால் விழுந்தது' என்று சொல்லிவிடுவார்கள், சிலவேளை கூட்டிக்கொண்டு போன முதலாளியே அப்படிச் சொல்லிக் கொடுப்பார். வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் காட்டில் (நோய் விபர அட்டையில்) என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பிழையாக இருந்தால் உடனே பொலிஸில் உண்மையைச் சொல்லி முறைப்பாடு பதியுங்கள், ஏன் பிந்தியது என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது? மச்சான் ஒரு பெரிய கொம்பனிக்குத் துணை ஒப்பந்தக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். சோலர் பூட்டுவதே தொழிலாகக் கொண்ட கொம்பனி அந்த வேலையை இன்னொருவர் மூலம் செய்வித்தால், அந்த ஒப்பந்தக்காரரின் வேலையாளுக்கும் கொம்பனி பொறுப்பு. பிறகு அவர்கள் மச்சானிடம் அறவிடுவது அவர்களின் பாடு. ஆகவே இருவர் பெயரையும் போடுங்கள். விபத்து பற்றி இருவருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள், வேலையாட்களுக்கான காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் மச்சான் சட்டைப்பைக்குள் கைவைக்கத் தேவையே வராது, அதைச் சொன்னால் உறவும் கொஞ்சம் மிஞ்சும்.

கனடாக்காரரை விடுங்கள். வெளிநாட்டில் இருக்கிறார், காசு இருக்கும் என்பதற்காக அவர் முதலாளி ஆகிவிடமாட்டார். சோலர் பூட்டுவது அவருடைய தொழில் அல்ல, எனவே இந்தச் சட்டத்தில் அவரைப் பிடிக்க முடியாது. ஆனால் கொம்பனி கொடுத்த விலைமதிப்பும் பில்லும் அவரிடம்தான் இருக்கும், வேலையை எடுத்தது யார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நல்லபடியாகக் கதைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பு நாரஹேன்பிட்டவில். விண்ணப்பம் பற்றி யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்கு வருமான விபரத்தோடு போங்கள்.

கடைசியாக, தம்பியோடு வேலை செய்த இரண்டு பெடியன்கள் மறுநாளே அதே கூரையில் ஏறினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விழுந்ததை நேரில் கண்ட சாட்சிகள் அவர்கள்தான். அவர்களின் பெயரையும் இலக்கத்தையும் இன்றே எழுதி வையுங்கள். கயிறும் பலகையும் இல்லாமல் திங்கட்கிழமையும் ஏறச் சொன்னால், மாட்டோம் என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் சொல்லிவிட்டுக் கீழேயே நிற்கச் சொல்லுங்கள்.