என்.ஜி.ஓ. வேலைக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதம் கிடைத்தது. மகள் பி.காம். முடித்துவிட்டார். வங்கித் தேர்வுக்குக் கோச்சிங் சேர்க்கலாம் என்று நீங்கள் நினைத்திருந்த நேரத்தில், நல்லாட்சிக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேரப்போவதாகச் சொல்கிறார். இது வேலையா, சேவையா? மாதம் பிறந்தால் சம்பளம் வருமா? கட்சிக்காரர்களோடு வம்பு வருமா? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது? இப்படி நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

மகளுக்குச் சமூக அக்கறை இருக்கிறதா என்று நீங்கள் சோதிக்க வேண்டாம். இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார். ஐம்பது பக்க அரசாணையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார முடிகிறதா என்று பாருங்கள். இந்தத் துறையில் யார் நிலைக்கிறார்கள், யார் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள் என்பது பெரும்பாலும் அதை வைத்தே தெரிந்துவிடும்.

நல்லாட்சி அமைப்பு என்றதும் மைக்கும் பேரணியும் நினைவுக்கு வரும். உள்ளே போனால் எல்லாம் காகிதம். ஏ.டி.ஆர். என்ற பெயரைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இத்தனை வேட்பாளர்கள் மீது குற்ற வழக்கு, இத்தனை பேர் கோடீஸ்வரர்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் அறிக்கை விடுகிறவர்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-இல் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் தொடுத்த வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், வேட்பாளர்கள் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்ததே, அதிலும் இவர்கள் மனுதாரர்கள்.

சரி, அந்தப் பிரமாணப் பத்திரங்களை யார் படிக்கிறார்கள்? சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆய்வு ஊழியர்கள்தான். அந்தப் பத்திரத்துக்குப் படிவம் 26 என்று பெயர். இணையத்தில் ஏற்றப்படும் ஸ்கேன் பிரதியைத் திறந்தால், நோட்டரி முத்திரை சரியாக ஓர் எண்ணின் மேலேயே விழுந்திருக்கும். ஒருவர் நகையைப் பவுனில் எழுதியிருப்பார், இன்னொருவர் கிராமில். நிலம் ஒரு வரியில் சென்ட், அடுத்த வரியில் ஹெக்டேர். மனைவி பேரில் உள்ள கடனைத் தன் கட்டத்தில் எழுதியவரும் இருப்பார். இதையெல்லாம் ஒரே அளவுக்கு மாற்றி அட்டவணையில் ஏற்ற வேண்டும். ஒரு பூஜ்யம் கூடினால் பத்து லட்சம் ஒரு கோடியாகி, வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கும். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் இரண்டு வாரம், கொஞ்சம் கூடவோ என்னவோ, அவ்வளவுதான் கிடைக்கும். அதற்குள் வெளியிட்டால்தான் அந்த அறிக்கையால் வாக்காளருக்குப் பயன்.

இதே போல வேறு வேலைகளும் உண்டு. டெல்லியில் 2005 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ்., நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களைப் படித்து எளிய சுருக்கம் எழுதுகிறது. 2010-இல் தொடங்கிய அவர்களுடைய லேம்ப் ஃபெலோஷிப்பில் சேர்ந்தால் ஓர் எம்.பி.யிடம் ஏறக்குறைய ஓராண்டு ஆய்வு உதவியாளராக வேலை பார்க்கலாம். எந்தப் பட்டமானாலும் சரி, வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். சென்னையில் சி.ஏ.ஜி. (தணிக்கைத் துறை அல்ல, அதே சுருக்கெழுத்தில் வேறு அமைப்பு) 1985 முதல் நுகர்வோர் உரிமை, மின்சாரம், குப்பை, சாலைப் பாதுகாப்பு என்று வேலை செய்கிறது. பெங்களூரில் நகர நிர்வாகத்துக்காக வேலை செய்யும் ஜனாக்ரஹா. இவை தவிர, கிராம சபையைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசும் களப்பணி இருக்கிறது. அதற்குப் பேச்சும் பஸ் பயணமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பி.காம். படித்துவிட்டு இதற்கெல்லாம் போக முடியுமா என்று நீங்கள் யோசிக்கலாம். எனக்கு அது பலமாகத்தான் படுகிறது. சமூகவியல் படித்தவர்கள் இந்த அமைப்புகளுக்கு நிறைய வருகிறார்கள். மானியக் கோரிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் கையில் எடுத்தால் பயப்படாதவர்கள் குறைவு. வரவு-செலவை வாசிக்கத் தெரிந்த, தமிழில் நாலு வரி கோர்வையாக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இங்கே இடம் உண்டு. ஆய்வுப் பிரிவு கிடைக்காவிட்டாலும் கணக்குப் பிரிவு வழியாக நுழையலாம். வெளிநாட்டு நன்கொடைக் கணக்குக்குச் சட்டம் கறாராக இருப்பதால் நல்ல கணக்காளரை எந்த அமைப்பும் விடாது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். உங்கள் தொகுதியில் கடந்த சட்டமன்றத் தேர்தலில் நின்ற ஐந்து வேட்பாளர்களின் படிவம் 26-ஐத் தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து இறக்கி, ஒரே எக்செல் தாளில் ஏற்றச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த கிராம சபைக்குப் போகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வாசிக்கப்படும் ஊராட்சியின் வரவு-செலவைக் குறித்துக்கொண்டு வரட்டும். புரியாத ஒரு செலவைப் பற்றி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடட்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இதெல்லாம் அலுப்பாக இருக்கிறது என்று மகளே சொன்னால் விஷயம் முடிந்தது, வங்கித் தேர்வு எங்கும் போய்விடாது.

இனி சம்பளம். தொடக்கத்தில் வங்கி எழுத்தருக்கு வருகிற அளவு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகையை விட நிலைத்தன்மைதான் இங்கே பெரிய கவலை. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் தாராளமாகப் போகும். அரசைக் கேள்வி கேட்கும் வேலைக்கு அவ்வளவு எளிதில் வராது. வெளிநாட்டு நிதிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டெல்லியில் பேரும் புகழும் பெற்ற சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தின் அனுமதி 2023-இல் நிறுத்திவைக்கப்பட்டு 2024-இல் ரத்தானபோது, அங்கே பலர் வேலையை விட்டுப் போகும்படி ஆனது. பெரிய பெயர் என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

நேர்காணலுக்குப் போகும்போது மகளைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். என் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அந்தத் திட்டம் எப்போது முடிகிறது? பணியாளராக எடுக்கிறீர்களா, கன்சல்டன்ட்டாகவா? இது முக்கியம். கன்சல்டன்ட் என்றால் பி.எஃப். கிடையாது, மாதாமாதம் 10 சதவீதம் வரியை முன்கூட்டியே டி.டி.எஸ். என்று பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். இல்லை என்றால் ஏன் என்று கேட்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம் இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டிப் பார்ப்பதை நீங்களே செய்யலாம்.

வம்பு வருமா என்றால், வேலையைப் பொறுத்தது. ஆய்வும் பயிற்சியும் செய்யும் இடத்தில் அவ்வளவாக வராது. ஊழல் புகார் கொடுக்கும் அமைப்புகள் மீது அவதூறு வழக்குகள் பாய்வதுண்டு. மணல், குவாரி என்று கிளறியவர்கள் தாக்கப்பட்டதும் உண்டு. மகள் பின்னால் டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைத்தால் இதையும் மனதில் வைக்க வேண்டும்: தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தது அரசு வேலைக்குத் தடையல்ல, ஆனால் போராட்டத்தில் பதிவான வழக்கு நிலுவையில் இருந்தால் சரிபார்ப்பின்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்சிச் சார்பாக முகநூலில் எழுதுவதையும் நிறுத்திக்கொள்வது நல்லது. நடுநிலை என்ற பெயர் போய்விட்டால் அந்த அமைப்பின் அறிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இரண்டு வருடம் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. அதற்குள் ஒரு முதுகலைப் படிப்பில் இடம் பிடிக்க வேண்டும்: காந்திகிராமம், சென்னை சமூகப்பணிக் கல்லூரி, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்), பெங்களூர் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் என்று இடங்கள் உண்டு. இளைஞர்களை அரசுத் துறைகளோடு வேலை பார்க்க வைக்கும் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. அதற்குப் பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்பு இல்லாதவர்கள் முதல் வகுப்பில் முதுகலை முடித்திருக்க வேண்டும், பி.காம். மட்டும் போதாது. ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பு வராது என்பதால் வரும்போது தயாராக இருப்பது மேல்.

விண்ணப்பக் கடிதத்தில், 'சிறு வயதிலிருந்தே சமூகத்துக்கு ஏதாவது செய்ய ஆசை' என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அந்த ஐந்து வேட்பாளர் எக்செல் தாளையும், தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதிலையும் இணைத்து அனுப்பட்டும். பதில் வரவில்லை என்றால் மேல்முறையீட்டு நகலை இணைக்கலாம்.