அமெரிக்கப் பாலைவனப் பூங்காக்கள்: பாஸ் வாங்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். நானும் மனைவியும் 17 வயது மகளும் 13 வயது மகனும் பள்ளி விடுமுறையில் அமெரிக்கா செல்லவிருக்கிறோம். 2026 மே 18 அன்று மாலை லாஸ் வேகாஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, சயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ், ஆன்டலோப் கேன்யன், கிராண்ட் கேன்யன் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு 28ஆம் தேதி இரவு ஊர் திரும்புவதாகத் திட்டம். வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் பெரிதும் கூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். டெக்சாஸில் உள்ள நண்பர் தம்முடைய 80 டாலர் பாஸைத் தருவதாகச் சொல்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? கூட்டத்தில் சிக்காமல் இருக்க என்ன வழி? நானும் மகனும் வெள்ளியங்கிரி மலை ஏறியவர்கள்; கிராண்ட் கேன்யனின் அடியில் ஓடும் ஆறு வரை இறங்கி அன்றைக்கே மேலே வந்துவிட முடியுமா?

பதில்: நண்பரின் பாஸை வாங்கிக்கொள்ளாதீர்கள். தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் அதில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே உரியது. அவர் நேரில் வந்து, வாயிலில் புகைப்பட அடையாள அட்டையுடன் காட்டினால்தான் அது செல்லும். நண்பர் உங்கள் காரில் வராமல் பாஸ் மட்டும் வந்தால், வாயிலில் இருக்கும் ஊழியர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுக் கட்டணத்தையும் கேட்பார்.

கட்டணம் கூடியது உண்மைதான். 2026 ஜனவரி 1 முதல் 80 டாலர் ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அதே பாஸ் 250 டாலர். இதைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று. பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டினர், அதிகக் கூட்டம் வரும் 11 பூங்காக்களில், வழக்கமான நுழைவுக் கட்டணம் போக, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். யெல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்றவை அடங்கிய அந்தப் பட்டியலில் உங்கள் பயணத்தில் வரும் சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் ஆகிய மூன்றும் இருக்கின்றன; ஆர்ச்சஸ் இல்லை.

உங்கள் குடும்பத்தில் 16 வயதைக் கடந்தவர்கள் மூவர். சயானில் காருக்கு 35 டாலர், மூவருக்கு 300 டாலர், ஆக 335 டாலர். பிரைஸிலும் கிராண்ட் கேன்யனிலும் இதே கணக்குதான். ஆர்ச்சஸில் காருக்கு 30 டாலர் சேர்த்தால் மொத்தம் 1,035 டாலர் ஆகிறது. 250 டாலர் பாஸ் அதை வைத்திருப்பவரையும் அவருடன் ஒரே காரில் வரும் குடும்பத்தினரையும் உள்ளே விடுகிறது. எனவே இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பார்ப்பதாக இருந்தாலும்கூட நீங்கள் பாஸ் எடுப்பதே லாபம். பிள்ளைகள் இல்லாமல் தம்பதியராக ஒரே ஒரு பூங்காவுக்குப் போகிறவர்களுக்குத்தான் 235 டாலரோடு முடிந்து, பாஸ் சற்று நட்டமாகும்.

பாஸைப் பயணத்துக்கு முன்பே ரிக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்னும் அரசுத் தளத்தில் மின்வடிவில் வாங்கலாம். சயான் வாயிலிலும் வாங்கலாம். முன்பே வாங்குவது நல்லது. வாங்கியதை விடுதியின் வைஃபை இருக்கும்போதே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பூங்கா வாயில்களில் சிக்னல் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. பாஸில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்; தந்தை பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம்முடைய நிரந்தரச் சிக்கலை அங்கே கொண்டுபோய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ரொக்கம் வாங்காத பூங்காக்களும் பெருகிவருவதால், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படுவதற்கு முன்பே செயல்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டணம் கொள்ளை என்று சிலர் வருந்துகிறார்கள். வெளிநாட்டினருக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்பது தாஜ்மஹாலிலும் மாமல்லபுரத்திலும் நாம் செய்வதுதான் என்பதால், எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. மேலும், 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி நுழைவுக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் வசூலித்த இடத்திலேயே தங்குகிறது. என்னுடைய கவலை வேறு. பணம் கட்டிவிட்டதாலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பாஸ் என்பது நுழைய உரிமை மட்டுமே. சில நடைபாதைகளுக்குத் தனி அனுமதி வேண்டும், சில இடங்களுக்கு நேரம் குறித்த முன்பதிவு வேண்டும், எல்லா இடங்களிலும் காரை நிறுத்த இடம் வேண்டும். இவற்றில் எதையும் பாஸ் வாங்கித் தராது.

பாஸே செல்லாத இடங்களும் உங்கள் வழியில் உள்ளன. ஆன்டலோப் கேன்யன் நவஹோ பழங்குடியினரின் நிலம். அவர்களிடம் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே, முன்பதிவு செய்த நேரத்தில், அதற்குரிய கட்டணம் கட்டிச் செல்ல வேண்டும். 1997 ஆகஸ்டில் தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் அந்தக் குறுகிய பாறைப் பிளவுக்குள் திடீரெனப் புகுந்து 11 பேர் இறந்தார்கள். ஆகவே உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மழை அறிவிப்பைக் காரணம் காட்டி வழிகாட்டி பயணத்தை நிறுத்தினால் வாதாடாதீர்கள். அருகில், ஆறு குதிரைலாடம் போல வளைந்தோடும் ஹார்ஸ்ஷூ பெண்டில் வாகன நிறுத்தம் பேஜ் நகராட்சியுடையது. அங்கே காருக்கு 10 டாலர் தனி. செம்பாறைக் குன்றுகள் தனித்தனியே நிற்கும் மானுமெண்ட் வேலியும் நவஹோ பூங்காதான். எல்லாவற்றையும்விட நம்மவர்களைக் குழப்புவது கிராண்ட் கேன்யன் வெஸ்ட். லாஸ் வேகாஸிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாக விற்கப்படும், 2007இல் திறக்கப்பட்ட கண்ணாடி நடைமேடை உள்ள அந்த இடம் வாலப்பாய் பழங்குடியினருக்குச் சொந்தமானது. தேசியப் பூங்காவைச் சேர்ந்ததன்று, பாஸும் செல்லாது. நீங்கள் போக வேண்டியது சவுத் ரிம் எனப்படும் தெற்கு விளிம்பு. வடக்கு விளிம்பில் இருந்த பழைய தங்கும் விடுதி 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது; இந்தப் பயணத்தில் அந்தப் பக்கத்தை நினைக்க வேண்டாம்.

இனி கூட்டம். உங்கள் தேதிகளைப் பார்த்ததும் எனக்குப் பட்டது ஒன்றுதான்: மே 25, திங்கட்கிழமை, அங்கே மெமோரியல் டே விடுமுறை. 23 முதல் 25 வரையிலான மூன்று நாட்கள் அந்நாட்டினர் கோடையைத் தொடங்கிவைக்கும் நாட்கள். அதிலும் 25ஆம் தேதி உள்நாட்டினருக்குப் பூங்காக்களில் நுழைவு இலவசம். அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது, அது கூட்டும் நெரிசல் மட்டும் உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் வரிசைப்படியே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள் தங்கினால், விடுமுறையின் உச்சம் ஆர்ச்சஸில் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

வரிசையை மாற்ற வேண்டியதில்லை. நாட்களை மாற்றிப் பகிர்ந்தால் போதும். 19, 20 இரண்டும் சயானுக்கு. 21ஆம் தேதி விடியற்காலையில் புறப்பட்டு பிரைஸ் கேன்யனைப் பார்த்துவிட்டு, பிற்பகலிலேயே கிளம்பி இரவு ஆர்ச்சஸை ஒட்டியுள்ள மோவாப் ஊருக்குச் சென்று தங்குங்கள். அந்த வழியில் 24ஆம் எண் நெடுஞ்சாலை கேபிடல் ரீஃப் பூங்காவின் ஊடாகவே செல்கிறது; அதன் உட்சாலைக்குத்தான் கட்டணமே தவிர, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் செம்பாறைச் சுவர்களைக் காசில்லாமல் பார்க்கலாம். 22 வெள்ளி விடியற்காலையில் ஆர்ச்சஸ். விடுமுறைக் கூட்டம் அன்று மாலையில்தான் ஊருக்குள் நுழையும். மறுநாள் காலை நீங்கள் மானுமெண்ட் வேலி நோக்கிப் போய்க்கொண்டிருப்பீர்கள். 24, 25 பேஜ் நகரில். ஆன்டலோப் கேன்யனில் ஒவ்வொரு நேரத்துக்கும் இத்தனை பேர் என்று சீட்டு விற்பதால், விடுமுறை நாளானாலும் உங்கள் இடம் உங்களுக்கு நிச்சயம். ஆனால் அந்தச் சீட்டை இப்போதே வாங்கிவிட வேண்டும். ஊர் திரும்பும் கூட்டம் திரும்பிய பிறகு, 26, 27 தேதிகளில் கிராண்ட் கேன்யன். 28 காலையில் கிளம்பினால் நாலரை மணி நேரத்தில் லாஸ் வேகாஸ்.

நேரக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மே மாதத்தில், சயானும் பிரைஸும் ஆர்ச்சஸும் இருக்கும் யூட்டா மாநிலக் கடிகாரம் லாஸ் வேகாஸைவிட ஒரு மணி நேரம் முந்தியது. பேஜும் கிராண்ட் கேன்யனும் இருக்கும் அரிசோனா லாஸ் வேகாஸோடு ஒத்துப்போகும். ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் யூட்டா நேரத்தைப் பின்பற்றுகிறது. பேஜ் பகுதியில் கைப்பேசி அடிக்கடி மாறி மாறி நேரம் காட்டும். சீட்டு வாங்கும்போதே எந்த நேரம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சயானில் கூட்டம் என்பது மனிதர்களைவிடக் கார்களின் சிக்கல். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் ஒரே ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைய முற்பட்டதால், 2000ஆம் ஆண்டு முதல் அங்கே இலவசப் பேருந்து ஓடுகிறது. மே மாதத்தில் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. வாயிலுக்குள் இருக்கும் நிறுத்துமிடம் காலை எட்டு, ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும். பலரும் அங்கே ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து எரிபொருளையும் பொறுமையையும் தீர்த்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்டேல் ஊரிலேயே தங்குங்கள், காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஊர்ப்பேருந்தில் வாயிலுக்கு வந்து, அன்றைய முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடியுங்கள். பத்து மணிக்குக் கூட்டம் வரும்போது நீங்கள் நடந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும்.

அங்குள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் சங்கிலி பிடித்து ஏறும் பாறைமுகட்டுக்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள். வசந்தகாலக் குலுக்கல் ஜனவரியிலேயே முடிந்துவிடுவதால், உங்களுக்கு எஞ்சியிருப்பது முந்தைய நாள் நடக்கும் குலுக்கல். பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். பாஸ் இதற்கும் பொருந்தாது. கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். சங்கிலி தொடங்கும் இடத்துக்குக் கீழே உள்ள ஸ்கவுட் லுக்அவுட் வரை அனுமதி இல்லாமலே போகலாம். 13 வயதுப் பிள்ளையோடு போகிறவர்களிடம் நான் எப்போதும் அதுவரை போதும் என்றே சொல்கிறேன்.

ஆர்ச்சஸில் 2022 முதல் 2025 வரை நெரிசலான மாதங்களில் நேரம் குறித்த முன்பதிவு தேவைப்பட்டது. பாஸ் வைத்திருந்தவர்களும் அதற்கு 2 டாலர் தனியே கட்டினார்கள். இந்த ஏற்பாடு ஆண்டுதோறும் புதிதாக முடிவாகிறது என்பதால், மோவாபில் அறை எடுப்பதற்கு முன் பூங்காவின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அந்த ஆண்டு விதியைப் படித்துவிடுங்கள். விதி எதுவானாலும் காலை ஏழு மணிக்கு முன் வாயிலைக் கடப்பது நல்லது. முன்பதிவு இல்லாதிருந்த நாட்களில் நிறுத்துமிடங்கள் நிரம்பியதும் வாயிலை மணிக்கணக்கில் மூடிவிடுவார்கள்.

கடைசியாக, கிராண்ட் கேன்யனில் ஆற்றுக்கு இறங்கும் உங்கள் யோசனை. முடியாது என்று சொல்ல மாட்டேன், கூடாது என்கிறேன். வெள்ளியங்கிரியில் இரவுக் குளிரில், புதிய கால்களோடு ஏறுகிறீர்கள். களைத்த கால்களுக்கு இறக்கம் காத்திருக்கிறது. கிராண்ட் கேன்யனில் எல்லாமே தலைகீழ். விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் சுவெட்டர் போடும் அளவுக்குக் குளிரும். பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்குவது விளையாட்டு போல இருக்கும். ஒருவழிக்குச் சுமார் 13 கி.மீ., செங்குத்தாக 1,300 மீட்டர் இறங்கி ஆற்றை அடையும்போது, மேலே இருந்ததைவிட 10, 11 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுடும். அங்கிருந்து, நாளின் மிக வெப்பமான நேரத்தில், முழு ஏற்றமும் அப்போதுதான் தொடங்குகிறது. ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்புவதை, குறிப்பாக மே முதல் செப்டம்பர் வரை, முயல வேண்டாம் என்று பூங்கா அதிகாரிகள் எச்சரிப்பது இதனால்தான்.

காலை ஆறு மணிக்கு இறங்கத் தொடங்கி, ஒன்றரை மைல் தூரத்தில் உள்ள ஓய்விடம் வரை போய்த் திரும்புங்கள். போக வர ஏறத்தாழ 5 கி.மீ. ஆகும். இறங்க எடுத்த நேரத்தைப்போல் இருமடங்கு ஏற எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், உப்புச் சத்துக்குக் கொஞ்சம் முறுக்கோ உப்புக் கடலையோ பையில் இருக்கட்டும். வழியில் குழாய் இருந்தாலும் அதில் அன்றைக்குத் தண்ணீர் வருகிறதா என்பதை மேலேயே விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.