ரோசேசியா மாத்திரை ஒத்துக்கலைன்னா அடுத்து என்ன? கேள்வி பதில்

எனக்கே 12 வருஷமா ரோசேசியா இருக்கு, அதாவது முகம் செவந்து பரு மாதிரி கட்டி வர்ற தோல் நோய். வேலை பார்மசிஸ்ட். டாக்டர் இல்ல, அதனால உங்க மருந்தை நான் மாத்த முடியாது, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்ல முடியும். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் போடாதீங்க. கேளுங்க.

கேள்வி: ரோசேசியாவுக்கு டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மி.கி. மூணு வாரம் சாப்பிட்டேன் அக்கா. நெஞ்சு எரியுது, சோறு முழுங்கவே வலிக்குது. நானே நிறுத்திட்டேன். வேற வழி இருக்கா?

முழுங்கும்போது வலிக்குதுன்னா அதை சாதாரண அசிடிட்டின்னு விட்றாதீங்க, மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு அங்கேயே கரைஞ்சு புண்ணாக்கியிருக்கலாம், இன்னைக்கே டாக்டருக்கு போன் போட்டு சொல்லிடுங்க. ராத்திரி படுக்கப் போற நேரத்துல ரெண்டு மடக்கு தண்ணியில போட்டுட்டு அப்படியே சாஞ்சிடுறோம்ல, பிரச்சனையே அங்கதான். ஒரு முழு டம்ளர் தண்ணி குடிக்கணும், அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை இதோட சேர்த்துப் போட்டா மருந்து உடம்புல ஏறாது. வெயில்ல போனா சீக்கிரம் கருக்கும், அதையும் சொல்லித்தான் குடுத்திருக்கணும்.

அடுத்தது, ரோசேசியாவுக்கு 100 கட்டாயம் இல்ல. மெதுவா கரையுற 40 மி.கி. கேப்சூல் இருக்கு, அமெரிக்காவுல 2006-லயே அனுமதி வாங்கினது. அந்த அளவு கிருமியைக் கொல்றதுக்கு இல்ல, அழற்சியைக் குறைக்க மட்டும், அதனால வயித்துத் தொந்தரவும் கம்மி. உங்களுக்கு அது சரிப்படுமான்னு கேளுங்க.

மாத்திரையே வேணாம்னா பூசுற மருந்து மூணு இருக்கு. ஐவர்மெக்டின் 1% க்ரீம், இது நம்ம தோல்ல வாழுற டெமோடெக்ஸ்ங்கற நுண்ணிய பூச்சியையும் குறைக்கும், அழற்சியையும் குறைக்கும். மெட்ரோனிடசோல் 0.75% ஜெல். அப்புறம் அசெலாயிக் ஆசிட் 15% ஜெல். பரு மாதிரி வர்ற கட்டிக்கு மூணுமே நல்லா கேக்கும், ஆனா 8-ல இருந்து 12 வாரம் பொறுக்கணும், பத்தாவது நாள்லயே "வேலை செய்யல"ன்னு தூக்கிப் போடாதீங்க. அசெலாயிக் முதல் ரெண்டு வாரம் ஊசி குத்துற மாதிரி இருக்கும். நான் முகம் கழுவி, ஈரம் முழுசா காஞ்சதும் முதல்ல மாய்ஸ்சரைசர் போட்டு, அதுக்கு மேல பட்டாணி அளவு தடவினேன், அப்பதான் தாங்க முடிஞ்சுது.

கேள்வி: சிங்கப்பூர்ல இருக்கேன். செவப்பு குறைய ப்ரிமோனிடின் ஜெல் போட்டா காலைல முகம் வெளுத்துடுது, சாயங்காலம் முன்ன விட மோசமா செவக்குது.

அந்த ஜெல் ரத்தக்குழாயை சுருக்கி வைக்குது, வேகம் தீர்ந்ததும் சில பேருக்கு அது திருப்பி அடிக்கும். உங்களுக்கு அதுதான்னு தெரியுது, டாக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க. ஆக்ஸிமெட்டாசோலின் 1% க்ரீம் ஒண்ணு இருக்கு, கேட்டுப் பாருங்க. நிரந்தரமா தெரியுற சின்னச் சின்ன ரத்தக்குழாய்க்கு லேசர்தான், ஆனா நம்ம மாநிறத் தோலுக்கு ஐபிஎல்ங்கற ஒளி சிகிச்சை குடுத்தா சுட்டுக் கருப்புத் தழும்பு வர வாய்ப்பு அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக்ங்கற லேசர் வச்சிருக்காங்களா, நம்ம நிறத்துல எத்தனை பேருக்கு செஞ்சிருக்காங்கன்னு கேட்டுட்டு, முதல்ல காது பக்கத்துல சின்ன இடத்துல போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: நாலு மாசம் கர்ப்பம். எதுவுமே போடக் கூடாதா?

டாக்ஸிசைக்ளின் வேணாம், பருவுக்குக் குடுக்கற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பக்கமே போகக் கூடாது. அசெலாயிக் கர்ப்பத்துல குடுக்கறதுதான், மகப்பேறு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி: மஞ்சள், எலுமிச்சை, கடலை மாவு?

வேணாம். எலுமிச்சை கண்டிப்பா வேணாம்.

கேள்வி: காபியை விட்டாத்தான் குணமாகும்னு எங்க சித்தி சொல்றாங்க. காலைல ஃபில்டர் காபி இல்லாம எனக்கு முடியாது.

விட வேணாம். 1981-ல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, 60 டிகிரி காபி குடிச்சவங்களுக்கும் முகம் செவந்துச்சு, அதே சூட்டுல வெறும் வெந்நீர் குடிச்சவங்களுக்கும் செவந்துச்சு, ஆறின காபிக்கு செவக்கல, வெறும் காஃபினுக்கும் செவக்கல. தப்பு சூட்டுலதான். டபராவுல நாலு ஆத்து ஆத்திட்டு குடிங்க.

(இதுக்கு வந்த மறுப்பு: நான் காபியை நிறுத்தி ஒரே மாசத்துல சரியாச்சு. வெளிநாட்டு ஆராய்ச்சியை நம்பி எல்லாரையும் கெடுக்காதீங்க.)

உங்களுக்கு சரியானதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா காபியை நிறுத்தினப்போ கொதிக்கக் கொதிக்கக் குடிக்கறதும் சேர்ந்துதானே நின்னுச்சு? ஒரு வாரம் ஆறின காபி குடிச்சுப் பாருங்க, உங்க முகமே பதில் சொல்லும். 2018-ல அமெரிக்க நர்ஸுங்களை வருஷக்கணக்கா கவனிச்ச ஆராய்ச்சியில, காஃபின் உள்ள காபி அதிகம் குடிச்சவங்களுக்கு ரோசேசியா கம்மியாதான் வந்திருக்கு. எனக்கு ரசம், காபி எதை விடவும் தோசைக்கல்லுதான் எதிரி. பத்து தோசை ஊத்தறதுக்குள்ள கன்னம் கனகனன்னு ஆயிடும், ஐஸ் தண்ணி ஊத்தின எவர்சில்வர் டம்ளரை பக்கத்துலயே வச்சுக்கிட்டு நடுவுல கன்னத்துல ஒத்திக்குவேன். வாயில ஒரு ஐஸ் துண்டு போட்டுக்கிட்டாலும் அடங்கும். காபி பத்தி இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கீங்க, எல்லாருக்கும் பதில் இதேதான்.

கேள்வி: மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க, ரெண்டே நாள்ல செவப்பு போச்சு. விட்டா திரும்ப வருது. தொடர்ந்து போடலாமா?

இதே கேள்வி மூணாவது தடவை வருது. ரெண்டு நாள்ல செவப்பு போச்சுன்னா அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ட்யூபைத் திருப்பிப் படிங்க, மொமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன், க்ளோபெட்டசால் இதுல எது இருந்தாலும் ஸ்டீராய்டுதான். தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சு, விட்டா எரியும், அதனாலேயே விட முடியாம போடுவீங்க. எனக்கு 24 வயசுல ஒரு கடையில இப்படித்தான் குடுத்தாங்க, எட்டு மாசம் போட்டேன், அதுல இருந்து வெளிய வர ஒரு வருஷம் ஆச்சு. இந்தியாவுல 2018-ல 14 வகை ஸ்டீராய்டு க்ரீமை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அரசு உத்தரவே போட்டாச்சு, இன்னும் கேட்டா எடுத்துக் குடுக்கறாங்க, எனக்கு அதுதான் ஆத்திரம். நீங்களா பட்டுன்னு நிறுத்தினா முகம் கொதிக்கும், ட்யூபோட தோல் டாக்டர்கிட்ட போங்க, எப்படி விடறதுன்னு அவங்க சொல்லுவாங்க.

கேள்வி: நாத்தனார் பொண்ணுக்கு ரெண்டு கன்னமும் செவப்பு, கூடவே மூட்டு வலி, காய்ச்சல்.

ரோசேசியாவுல மூட்டு வலி வராது. லூபஸ், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கற நோய், இருக்கான்னு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாக்கணும், தள்ளிப் போடாம பொது மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, இமை ஓரம் செவந்திருக்கு. இதுக்கும் ஜெல் போடலாமா?

கண்ணுக்குள்ள போடாதீங்க! ரோசேசியா கண்ணுக்கும் வரும். சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு மூடின இமை மேல அஞ்சு நிமிஷம், காலையும் ராத்திரியும். வெளிச்சம் பாத்தா கூசுதுன்னாலோ பார்வை மங்குதுன்னாலோ ஒத்தடத்தோட நிக்காம நாளைக்கே கண் டாக்டரைப் பாருங்க.