ஒரு கீயை மாற்ற வெப்சைட் எதற்கு?

கேள்வி: புதிதாக ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். கேப்ஸ் லாக்கை கன்ட்ரோல் ஆக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு வெப்சைட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். நான் லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கிறேன். அதில் அந்தப் பக்கம் வேலை செய்யவில்லை. குரோம் போட்டேன். பட்டியலில் கீபோர்டின் பெயர் வருகிறது, தேர்ந்தெடுத்தால் இணையவில்லை. நாளைக்கு அந்த வெப்சைட்டையே மூடிவிட்டால்?

பதில்: எரிச்சல் நியாயமானதுதான். இந்தப் பக்கங்கள் வெப்எச்ஐடி (WebHID) என்ற வசதியை நம்பி இருக்கின்றன; ஒரு வெப்சைட் கீபோர்டு போன்ற கருவிகளோடு நேரடியாகப் பேச உதவுவது அது. 2021-இல் குரோம் 89-வது பதிப்பில் வந்தது. எட்ஜ் போன்ற குரோமியம் வகை பிரவுசர்களிலும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டன.

பெயர் தெரிந்தும் இணையாததற்குக் காரணம் லினக்ஸின் அனுமதி முறை. கீபோர்டு செருகப்பட்டிருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். அதைத் திறந்து நேரடியாகப் பேச வழக்கமாக ரூட்டுக்கு, அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்குக்கு, மட்டுமே உரிமை. அதற்காக குரோமை ரூட்டாக ஓட்டிவிடாதீர்கள். உங்கள் கீபோர்டின் தயாரிப்பாளர் எண்ணைக் குறிப்பிட்டு ஒரே ஒரு வரி யூடெவ் (udev) விதி எழுதினால் போதும்; செருகும் கருவிகளுக்கு யார் யாருக்கு அனுமதி என்று லினக்ஸுக்குச் சொல்வது அது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: விதியில் 'யூஅக்சஸ்' (uaccess, கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு அனுமதி தரும்) குறி போட்டிருந்தால், விதி இருக்கும் கோப்பின் பெயர் 73-ஐவிடச் சிறிய எண்ணில் தொடங்க வேண்டும். 99 என்று வைத்தால் விதி சரியாக இருந்தும் பலிக்காது. நானே ஒரு மாலை முழுவதும் இதில் தொலைத்திருக்கிறேன். அப்புறம் கீபோர்டைக் கழற்றிச் செருகுங்கள்.

நாம் தட்டுவதையெல்லாம் அந்தப் பக்கம் படிக்குமோ என்று பயப்பட வேண்டாம். சாதாரணத் தட்டல்கள் வரும் வழியை குரோம் மறைத்துவிடுகிறது. தயாரிப்பாளர் தனியாக வைத்திருக்கும் வழி மட்டும்தான் திறக்கும். ஆனால் மேக்ரோவில் (ஒரே கீயில் பதிந்து வைக்கும் தொடர் தட்டல்களில்) பாஸ்வேர்டு வைக்காதீர்கள், அதைப் படிக்க முடியும். வேலை முடிந்ததும் பக்கத்துக்குக் கொடுத்த அனுமதியை பிரவுசர் செட்டிங்ஸில் நீக்கிவிடலாம்.

வெப்சைட் மூடப்பட்டால் என்ன ஆகும்? இந்த வகை கீபோர்டுகள் பெரும்பாலும் மாற்றத்தைத் தங்கள் நினைவகத்திலேயே எழுதிக்கொள்கின்றன. இன்று கேப்ஸ் லாக்கை மாற்றிவிட்டு குரோமையே தூக்கி எறிந்தாலும், எந்தக் கணினியில் செருகினாலும் அது கன்ட்ரோல்தான். செய்த மாற்றங்களைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சிக்கல் அடுத்த முறை மாற்றும்போதுதான். உங்கள் கீபோர்டு க்யூஎம்கே (QMK) என்ற ஃபர்ம்வேரில், அதாவது கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், ஓடினால் கவலை குறைவு: அது திறமூலம், கணினியிலேயே தொகுத்து ஏற்றலாம். வயல் (Vial) வகை ஃபர்ம்வேர் இருந்தால் இன்னும் சுலபம், அதற்கு டெஸ்க்டாப் செயலியே உண்டு.

எப்போதும் பின்னணியில் ஓடி நினைவகத்தைத் தின்னும் டிரைவர் மென்பொருளைவிட, பத்து நிமிடம் திறந்து மூடும் பக்கம் எனக்குப் பிடிக்கும். ஃபர்ம்வேரும் மூடியது, பக்கமும் அவர்கள் சர்வரில் மட்டும் என்றால், அந்தக் கீபோர்டை நான் வாங்க மாட்டேன்.

கேப்ஸ் லாக் மட்டும்தான் என்றால் இத்தனை பாடும் வேண்டாம். லினக்ஸின் கீபோர்டு செட்டிங்ஸிலேயே அதைக் கன்ட்ரோல் ஆக்கலாம். என்ன, அந்தக் கணினியோடு நின்றுவிடும்.