வீக்கம் வடிய நீர் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று ஸ்டீராய்டு ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது. முகம், கால், விதைப்பை எல்லாம் வீங்கியிருக்கின்றன. உறவினர் குழந்தைக்கு நீர் மாத்திரையில் சீக்கிரம் வடிந்ததாம். நாங்களும் கொடுக்கலாமா? தண்ணீரைக் குறைக்க வேண்டுமா?

பதில்: நீங்களாக நீர் மாத்திரை கொடுக்காதீர்கள். காரணம் தெரிந்தால் உங்களுக்கே பயம் வரும்.

இந்த நோயில் சிறுநீரோடு புரதம் வெளியேறுகிறது. ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கிற ஆல்புமின் என்ற புரதம் குறைந்ததும் நீர் வெளியே கசிந்து தோலுக்கடியில் தேங்குகிறது. சிறுநீரகமும் உப்பைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் உடம்பு முழுக்க ஊதியிருந்தாலும் சில குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்க்குள் நீர் பற்றாமல் இருக்கும். கை கால் சில்லிட்டிருக்கும், நாடி வேகமாக ஓடும், வயிறு வலிக்கும். நீர் மாத்திரை முதலில் குறைப்பது அந்த ரத்தக் குழாய் நீரைத்தான். அந்த நிலையில் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம், ரத்தம் உறைந்து அடைக்கலாம். உறவினர் குழந்தைக்கு வந்தது வேறு நோயாக இருக்கலாம். தொண்டைத் தொற்றுக்குப் பின் சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ரத்த அழுத்தம் ஏறி வருகிற வீக்கத்தில் ரத்தக் குழாயும் நிரம்பித்தான் இருக்கும். அங்கே நீர் மாத்திரை சரியான மருந்து.

உங்கள் மகனுக்கு வீக்கத்தை வடிக்கப்போவது ஸ்டீராய்டுதான். மூன்று நாள் போதாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு வாரத்தில் சிறுநீர் நிறையப் பிரிய ஆரம்பிக்கும், சிலருக்கு நான்கு வாரம் வரை ஆகும். வீக்கம் மிக அதிகமானால் மருத்துவமனையில் சேர்த்து ஆல்புமின் ஏற்றி, கூடவே ஃபுரோசிமைடு என்ற நீர் பிரிக்கும் மருந்தும் கொடுப்பார்கள். ஏற்றிய ஆல்புமினும் சிறுநீரில் போய்விடும் என்பதால் அது தற்காலிக நிவாரணம் மட்டுமே. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் எல்லோருக்கும் ஏற்றுவதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? உப்பைக் குறையுங்கள். சமையலில் மட்டுமல்ல, பாக்கெட் நொறுக்குத் தீனியிலும். தண்ணீரை மருத்துவர் அளவு சொன்னால் மட்டும் குறையுங்கள், இல்லையென்றால் தாகத்துக்குக் கொடுங்கள். விதைப்பைக்கு அடியில் மெத்தென்ற துணியை மடித்துத் தாங்கல் கொடுத்து, தளர்வான உடை போடுங்கள்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் கண் இமை உப்பியிருக்கும், மாலையில் அது வடிந்து கால் வீங்கும். நீர் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே எடைமெஷினில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அன்றைய முதல் சிறுநீரைப் பிடித்து, புரதத்தைக் காட்டும் சோதனைப் பட்டையில் சோதியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் புரதம் இல்லை, அல்லது மிக லேசாகத்தான் இருக்கிறது என்று வந்தால் நோய் அடங்கியிருக்கிறது. எடை கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் ஸ்டீராய்டால் பசி கூடி முகமும் கன்னமும் சதைபோடும். அந்தச் சதையைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து.

காய்ச்சல், விடாத வயிற்றுவலி, மூச்சுத் திணறல், ஒரே காலில் மட்டும் வலியோடு வீக்கம், கடுமையான தலைவலி, வலிப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைவது, வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு: இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். அம்மை வந்தவர்களோடு பழகியிருந்தால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.