பன்னிரண்டு வயதுப் பையன் பார்த்த கன்று

அன்புள்ள ஐயா,

சிட்னியில் ஈஸ்ட்வுட் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். கொல்லையில் வேலி முழுக்க சௌசௌ கொடி. மூலையில் ஓர் ஆள் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு செங்கல் கொட்டில். இரண்டையும் எடுத்துவிட்டு முருங்கை வைக்கலாம் என்கிறாள் மனைவி. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று மணிக்கணக்கில் பழைய கதை பேசுகிறார். எழுதி வையுங்கள் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். ஆனால் எதை எழுத? நான் வளர்ந்தது கும்பகோணம். தடுக்கி விழுந்தால் கல்வெட்டு. இங்கே கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. இந்த ஊருக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறதா?

கி.

அன்புள்ள கி.,

நம்மூர்ப் பழக்கடையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே பச்சை ஆப்பிள், கிரானி ஸ்மித், அது நீங்கள் குடியேறியிருக்கும் ஊரில் முளைத்ததுதான்.

மரியா ஆன் ஸ்மித் என்ற விவசாயப் பெண்மணி இங்கிலாந்திலிருந்து 1830-களின் கடைசியில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். ஈஸ்ட்வுட்டில் பழத்தோட்டம் வைத்திருந்தார். யாரும் ஊன்றாமல் தானாக ஓர் ஆப்பிள் கன்று அங்கே எழும்பியது. தாஸ்மானியாவிலிருந்து வந்த பழங்களின் மிச்சத்தை ஓடையோரம் கொட்டியதில் முளைத்தது என்று ஒரு கதை. ஆப்பிள் பை (pie) என்ற பலகாரத்துக்காக நறுக்கிவிட்டு மிச்சத்தை அடுக்களை ஜன்னல் வழியாக எறிந்ததில் முளைத்தது என்று இன்னொரு கதை. ஆப்பிள் விதை போட்டால் தாய்மரத்தின் பழம் அப்படியே வராது. ஒட்டுக் கட்டித்தான் ரகத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே இன்று உலகத்தில் காய்க்கிற கிரானி ஸ்மித் மரம் ஒவ்வொன்றும் அந்த ஒற்றைக் கன்றின் கிளைவழி வந்ததுதான்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. கிழவி 1870-இல் போய்ச் சேர்ந்துவிட்டார், பழம் புகழ் பெறுவதற்கு முன்பே. 1924-இல் ஹெர்பர்ட் ரம்ஸி என்பவர் (அவரும் அந்த வட்டாரத்தில் பழ விவசாயம் செய்தவர்தான்) ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து விசாரித்து ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுதினார். அவரிடம் பேசியவர்களில் ஒருவர் எட்வின் ஸ்மால். 1868-இல் தனக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவோடு ஸ்மித் தோட்டத்துக்குப் போனேன், ஓடைக்கரையில் அந்தக் கன்றைக் காட்டினார்கள் என்று சொன்னார். 56 வருடத்துக்கு முந்தைய ஞாபகம்! இன்று எல்லோரும் கூசாமல் சொல்கிற 1868 என்ற ஆண்டு அந்தப் பையனின் தலைக்குள்ளிருந்து வந்தது. ரம்ஸி பத்து வருடம் தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும். இப்போது ஈஸ்ட்வுட்டில் ஆண்டுதோறும் அந்தப் பாட்டி பேரில் திருவிழா நடக்கிறது. கடைத்தெரு முழுக்கச் சீனரும் கொரியரும்; அதுவும் நல்ல கதைதான், வேறொரு நாளைக்கு.

உங்கள் கொட்டில் பெரும்பாலும் பழைய டன்னியாக இருக்க வேண்டும். நம்மூர் எடுப்புக் கக்கூஸ்தான். அடியில் வாளி, வாரந்தோறும் ஆள் வந்து நிறைந்ததைத் தோளில் தூக்கிக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போவார். சிட்னியின் புறநகர்கள் பலவற்றில் 1970-கள் வரைக்கும் இதுதான் நிலைமை. அப்போதைய பிரதமர் கஃப் விட்லமின் அரசு பாதாளச் சாக்கடைக்கென்று மத்திய நிதி ஒதுக்கிய பிறகுதான் மிச்ச இடங்களுக்கு வேகமாக விடிந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த ஆளுக்கென்று டன்னிக்குள் பீர் பாட்டில் வைத்துவிடுவார்களாம். நம்மூரில் அந்த வேலையை யார் தலையில் கட்டினோம், அவர்களைத் திண்ணையிலாவது உட்கார விட்டோமா என்று நீங்களும் நானும் யோசித்துக்கொள்ளலாம்.

சௌசௌவுக்கு அங்கே சோக்கோ என்று பெயர். டன்னியின் கூரைமேல் அதை ஏற்றிவிடுவது வழக்கம்; நாற்றமிருந்த இடம் பச்சையாகத் தெரியும், காயும் கிடைக்கும். 1930-களின் பஞ்சகாலத்தில் ஆப்பிள் வாங்க வக்கில்லாத வீடுகளில் சோக்கோவைச் சர்க்கரை போட்டு வேகவைத்து பை செய்தார்கள். கடையில் விற்கிற ஆப்பிள் பையில் இருப்பதும் சோக்கோதான் என்று ஒரு புரளி ஆஸ்திரேலியாவில் இன்னும் ஓயவில்லை.

இவ்வளவும் வெள்ளைக்காரன் வந்த பிறகு நடந்தவை. அதற்கு முன் பரமட்டா ஆற்றின் அந்த வடகரை வாலுமெடகல் என்ற பழங்குடி மக்களின் மண். ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். கல்வெட்டு இல்லை என்பதால் ஆளே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரியவரிடம் 'அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். வாளி தூக்குகிறவர் எந்தப் பக்கமாக வருவார், உங்கள் அம்மா சோக்கோவை எப்படிச் சமைப்பார், இந்தத் தெருவில் கடைசியாகப் பழமரங்களை வெட்டியது யார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள்.

கொடியைக் குளிர்காலத்தில் அடியோடு வெட்டுங்கள், கிழங்கை மட்டும் விட்டுவிடுங்கள். வெயில் திரும்பியதும் தானே துளிர்க்கும். முருங்கைக்குக் குளிர் ஆகாது. அங்கே வெயில் வடக்கிலிருந்து விழும், ஆகையால் கொட்டிலின் வடக்குச் சுவரை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். செங்கல் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். அதற்காகவேனும் கொட்டில் இருக்கட்டும்.