உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் திறமை பார்த்துத்தான் எடுக்கிறார்களா, அல்லது சீனியாரிட்டி மட்டும்தானா?

இரண்டும் உண்டு. எதற்கு எவ்வளவு எடை என்பதுதான் வெளியில் தெரியாது.

இந்த வேலைக்குத் தேர்வும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அரசியலமைப்பின் 124(3) பிரிவு கேட்பது இவ்வளவுதான்: உயர் நீதிமன்ற நீதிபதியாக 5 ஆண்டு, அல்லது அங்கே வக்கீலாக 10 ஆண்டு, அல்லது சிறந்த சட்ட அறிஞர். மூன்றாவது வழியில் இதுவரை ஒருவரும் வந்ததில்லை. ஒரு சட்டப் பேராசிரியர்கூடவா தேறவில்லை?

ஆளைத் தேர்ந்தெடுப்பது தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம். அகில இந்திய சீனியாரிட்டி, தீர்ப்புகளின் தரம், நேர்மை பார்ப்பார்கள். அப்புறம் எந்த மாநிலம், பெண்கள், சமூகப் பிரதிநிதித்துவம் என்று பார்ப்பார்கள். இதில் ஏதோ ஒன்றுக்காக ஒரு சீனியரைத் தாண்டிப் போனால், காரணம் பெரும்பாலும் வெளியே வராது.

திறமைக்காகவே கதவு திறப்பதும் உண்டு. கோவை சட்டக் கல்லூரியில் படித்த மூத்த வழக்கறிஞர் கே.வி.விஸ்வநாதன், எந்த உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருக்காமல் 2023 மே மாதம் நேராக உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2018இல் இந்து மல்ஹோத்ராவும் அப்படி வந்தவர்தான். வழக்கறிஞராக இருந்து நேரடியாக வந்த முதல் பெண்.

சரி, வேறு முறை கொண்டுவர முடியாதா? சட்ட அமைச்சரையும் வெளியாட்கள் இருவரையும் சேர்த்து ஓர் ஆணையம் அமைத்தார்கள். நீதித்துறையின் சுதந்திரம் பாதிக்கப்படும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே அதை 4க்கு 1 என்ற கணக்கில் ரத்து செய்தது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கொலீஜியம் தன் அளவுகோலை எழுதி வெளியிட அது தடையே இல்லை.